பேயும் டாக்டரும் நம்ம பொம்பளைகளும்

சோழவந்தான் பக்கம் நடவு வயலில் நிற்கிற சேரிப் பொம்பளை திடீரென்று சிரித்தால், ஆடினால், புருஷனை 'டேய்' என்று கூப்பிட்டால் ஊர் சொல்வது ஒன்றுதான்: "பேய் புடிச்சிருச்சு." கோடாங்கி வருவார். உடுக்கை அடித்து, வேப்பிலையால் விளாசி, உச்சிமுடியைப் புளியமரத்தில் ஆணி வைத்து அறைவார்கள். அவளுக்கு என்ன நடந்தது என்று யாரும் கேட்பதில்லை.

படித்த உலகமும் ரொம்ப காலம் கேட்கவில்லை. 1970இல் அமெரிக்காவில் ப்ரோவர்மன் குழு 79 மனநல நிபுணர்களிடம் ஆய்வு செய்தது. நல்ல மனநலமுள்ள 'மனிதர்' என்று அவர்கள் சொன்ன குணமெல்லாம் ஆணுக்குப் பொருந்தியது. நல்ல மனநலமுள்ள பெண் என்றால் அடங்கிப் போகிறவள். அதே வருஷம் அமெரிக்க உளவியல் சங்க மாநாட்டில் உளவியல் பேராசிரியை ஃபிலிஸ் செஸ்லர் எழுந்து, மனநல மருத்துவத்தால் நொந்த பெண்களுக்குப் பத்து லட்சம் டாலர் நஷ்டஈடு கேட்டார். சபை சிரித்தது. 1972இல் அவர் எழுதிய 'பெண்களும் பைத்தியமும்' நூல், அச்சுக்குள் அடங்காத பெண்ணுக்குப் பைத்தியப் பட்டம் கட்டின வரலாற்றை அம்பலப்படுத்தியது.

1978இல் ஜார்ஜ் பிரவுனும் டிரில் ஹாரிஸும் லண்டன் கேம்பர்வெல் பெண்களை ஆராய்ந்து, மனச்சோர்வுக்கு வாழ்க்கையிலேயே வேர் இருக்கிறது என்று காட்டினார்கள். மனம்விட்டுப் பேச ஆளில்லை, வீட்டில் மூன்று சின்னப் பிள்ளைகள், சிறுவயதில் தாயைப் பறிகொடுத்தது, வெளியே வேலை இல்லாதது: இவை நோய்க்கு வழிவிடும் என்றார்கள்.

கடைசிக் காரணத்தில்தான் நமக்கு இடிக்கிறது. நம்ம பொம்பளைக்கு வெளிவேலை இல்லாத நாள் எது? விடியுமுன்னே களையெடுக்கப் போனவள்தானே! அவளுக்கு ஆபத்தே அந்த வயலில்தான், அந்த மிராசுதாரிடம்தான். வெள்ளைக்காரப் பெண்ணுக்கு மருந்தானது இவளுக்கு நோயாகிறது. வர்க்கத்தையும் பாலினத்தையும் அளந்த கோல் சாதியை அளக்கவில்லை.

அளந்தவர் பாமா. 1994இல் வந்த 'சங்கதி'யில், பேய் ஏன் நம்ம சாதிப் பொம்பளைகளையே பிடிக்கிறது என்று கேட்கிறார். காட்டிலும் பாடு, வீட்டிலும் பாடு, ராத்திரியும் ஓய்வில்லை. அடக்கி வைத்தது பேயாக வெளியே வருகிறது. பல்கலைக்கழகம் தராத பட்டம் இது, ஆனாலும் ஆராய்ச்சிதான்.

2001 ஆகஸ்ட் 6இல் ஏர்வாடியில் சங்கிலியோடு 28 பேர் வெந்து செத்தார்கள். 2003இல் சென்னையில் தாரா குழு, மனச்சிதைவு வந்து புருஷனால் கைவிடப்பட்ட பெண்களிடம் பேசியது. நோயைவிட 'வாழாவெட்டி' என்ற அவமானமே அவர்களையும் குடும்பத்தையும் அதிகம் வதைத்தது. 2017 மனநலச் சட்டம் சங்கிலியைத் தடை செய்தது. சிகிச்சையில் சாதி பார்க்கக் கூடாது என்றும் எழுதியது.

சட்டம் சாதி என்ற வார்த்தையைச் சொல்லிவிட்டது. டாக்டர் எப்போது சொல்லப் போகிறார்? "தூக்கம் வருதா, பசிக்குதா" என்பதோடு "யார் வயல்ல வேலை, கூலி குடுத்தானா, யார் கைய வச்சா" என்றும் கேட்கட்டும். அதுவரை மாத்திரை கொடுக்கிறவரும் உடுக்கை அடிக்கிறவரும் நமக்கு ஒன்றுதான்.