மின்னலும் வானொலியும்

மட்டாஞ்சேரியில் வாழும் தமிழர்களுக்குத் துலாவருஷத்தைப் பற்றி எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பகலெல்லாம் வெயில் எரிக்கும். அந்தி சாயும் வேளையில் கிழக்கே இடி முழங்கும். என் இளமையில், மிளகும் சுக்கும் மணக்கும் கடைவீதியை அடுத்த எங்கள் வீட்டில், தந்தையார் திருச்சி நிலையத்தை வைப்பதும் அவ்வேளையில்தான். தமிழ்நாட்டில் புயல் என்று செய்தி வரும். எந்தக் கரையில் என்னும் சொல்லை மட்டும் மின்னல் விழுங்கிவிடும். அன்றிரவு வீட்டில் எவரும் உறங்கியதில்லை.

நேயர்களே, இக்கரகரப்பு வானொலியோடு உடன்பிறந்தது. 1895ஆம் ஆண்டில் ரஷ்ய விஞ்ஞானி போபோவ் அமைத்த கருவி, தொலைவில் வெட்டும் மின்னலையே குறித்துக் காட்டியது. நாம் இரைச்சலென்று வெறுப்பதை அவர் செய்தியாகப் போற்றினார்!

மின்னலோ, மோட்டார் வண்டியின் தீப்பொறியோ, ஒருகணமே நிலைக்கும் துடிப்பாகும். அது ஏககாலத்தில் பல அலைவரிசைகளில் பரவுவதால், முள்ளைச் சற்று நகர்த்தித் தப்ப இயலாது. எனினும் அலைவரிசை உயர உயர அதன் வலிமை குன்றும். வெப்ப நாடுகளில் மத்திய அலையை இடிமழை பெரிதும் வாட்டுவதால், 1938இல் தொடங்கிய சென்னை நிலையத்துக்குச் சிற்றலையும் அமைத்தனர். தொலைவை எட்டுவதும் அதனால் கிட்டிய பயனே.

1936இல் அமெரிக்கப் பொறியாளர் ஜேம்ஸ் லாம்ப் வேறொரு யுக்தியைக் கண்டார். துடிப்பு வந்த கணத்தில் வானொலிப் பெட்டியே தன் செவியை மூடிக்கொள்ளும். அது கடந்ததும் திறக்கும். அந்த நுண்ணிய இடைவெளியை நம் காது உணர்வதில்லை. இதில் ஒரு நுட்பம் உண்டு. குறித்த அலையை மட்டும் பிரித்தெடுக்கும் குறுகிய வடிகட்டியினுள் புகுந்தால் துடிப்பு நீண்டுவிடும். ஆகவே அதற்கு முன்பே அதை மடக்கியாக வேண்டும்.

அதே காலத்தில் ஆம்ஸ்ட்ராங் வேரையே நாடினார். மின்னல் பெரும்பாலும் அலையின் உயரத்தைத்தான் குலைக்கிறது. ஆகவே, ஒலியை அலையின் உயரத்தில் ஏற்றாது, அதிர்வெண்ணின் மாற்றத்தில் ஏற்றினார். உயரத்தில் நேரும் ஏற்றத்தாழ்வைப் பெட்டி வெட்டி எறிந்துவிடும். அதுவே பண்பலை. 1935இல் நியூயார்க்கில் பொறியாளர் அவையில் அதனை அவர் இயக்கிக் காட்டினார்.

கொச்சிக்குப் பண்பலை நிலையம் 1989இல் வந்தது. இடி முழங்கும் மாலையிலும் மலையாளப் பாட்டு மாசின்றி ஒலித்தது. ஆனால் பண்பலை நெடுந்தொலைவு செல்வதன்று; திருச்சியின் தமிழ் மத்திய அலையில்தான் வந்தாக வேண்டும். தந்தையார் பழைய பெட்டியின் அருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, முன்போலவே இடிகளுக்கு இடையே செவிசாய்த்திருந்தார்.