பிண்ணாக்கு உருண்டையின் நெடும்பயணம்

கோதுமை மாவு ஒரு கை, கடலைப் பிண்ணாக்கு ஒரு கை, தவிடு அரைக் கை, வாசனைக்கு நாலு பல் பூண்டு நசுக்கிப் போட்டுத் தண்ணீர் தெளித்துப் பிசைந்தால் கெண்டைக்கு இரை தயார். செம்பரம்பாக்கம், குன்றத்தூர், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் தூண்டில் போடத் தெரிந்தவர்களுக்கு இந்தக் கைப்பக்குவம் புதிதல்ல. அதன் பூர்வீகம்தான் பலருக்குத் தெரியாது. உருண்டையில் இருக்கும் கடலையின் தாய்வீடு தென் அமெரிக்கா. அதைத் தின்ன வரும் ரோகுவுக்குச் சொந்த ஊர் கங்கைக் கரை. உருண்டை பிடிக்கும் கலையை நூலில் எழுதிவைத்தவர் ஒரு சாளுக்கிய அரசர். பிரெஞ்சு மன்னரின் மருந்தாளர் ஒருவரும் இந்தக் கதையில் சீரகத்தோடு வந்து போகிறார்.

கதையின் முதல் காட்சி நம் தொண்டை மண்டலத்திலேயே இருக்கிறது. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் ஒரு தூண்டில்காரனைக் காட்டுகிறார். நீண்ட மூங்கில் கோல், நாண், வளைந்த இரும்பு முள், கூடவே பச்சை இறைச்சி போட்ட தோல் பை. முள்ளை மறைத்துப் பொதிந்த இரையை வாளை மீன் கவ்விவிடுகிறது. முள்ளுக்குத் தப்பிய அந்த மீன், பிறகு நீரோரத்துப் பிரம்பின் நிழல் ஆடினாலும் அஞ்சுகிறது. ஒருமுறை சூடுபட்ட மீனை மறுபடி ஏமாற்றுவது கடினம் என்பதைச் சங்கப் புலவர் கவனித்திருக்கிறார். இரை பற்றிய இலக்கியம் நம் ஊரில் அத்தனை பழையது.

ஆனால் அந்தத் தோல் பையில் இருந்த இரை கெண்டைக்கானது அல்ல. வாளை வேட்டையாடி உண்ணும் மீன். கெண்டைக் குடும்பத்துக்குத் தாடையில் பல்லே கிடையாது. தொண்டைக்குள் இருக்கும் பற்களால் அரைத்து விழுங்கும். இரைப்பையும் கிடையாது. ஒரே வேளையில் வயிறு முட்டத் தின்று சேமித்துவைக்க இடமில்லாததால், நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக மேய்ந்துகொண்டே இருக்கும். அப்படி மேய்கிற மீனுக்கு முள்ளில் கோத்த ஒரு துண்டு மட்டும் போதாது. அது நின்று மேய ஓர் இடத்தை உண்டாக்கித் தர வேண்டும். தூண்டில் வீசுவதற்கு முன்பே தண்ணீரில் இரை தூவும் பழக்கத்தின் வேர் இந்த உடலமைப்பில் இருக்கிறது.

இந்த நுட்பத்தை விரிவாக எழுதிவைத்தவர் 12ஆம் நூற்றாண்டில் கல்யாணியை ஆண்ட மேலைச் சாளுக்கிய மன்னர் மூன்றாம் சோமேசுவரர். அவருடைய ‘மானசோல்லாசம்’ என்ற வடமொழி நூலில் அரசர்களின் பொழுதுபோக்குகளைச் சொல்லும் பகுதியில் மீன்பிடிக்கும் தனி இடம் உண்டு. 30க்கும் மேற்பட்ட மீன் வகைகளைப் பிரித்து, எதற்கு எந்தத் தீனி என்று அடுக்கிச் செல்கிறார் மன்னர். எள்ளும் கொண்டைக்கடலை மாவும் சோறும் அந்தப் பட்டியலில் வருகின்றன. மீனியல் அறிஞர் சுந்தர்லால் ஹோரா 1951ல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். தூண்டில் நுட்பங்கள் தக்காணத்தில் எவ்வளவு முன்னதாகவே ஏடேறியிருந்தன என்பதை அந்தக் கட்டுரை வெளிச்சமிட்டுக் காட்டியது.

மூன்று நூற்றாண்டுகள் கழித்தும் இங்கிலாந்தில் என்ன நிலைமை? 1496ல் அச்சான, ஜூலியானா பெர்னர்ஸ் எழுதியதாகச் சொல்லப்படும் தூண்டில் நூலில் கெண்டைக்கு ஒரு சிறு பத்திதான் கிடைத்தது. நல்ல மீன், நாட்டில் அபூர்வம், அதன் இரை பற்றித் தனக்கு அதிகம் தெரியாது என்று நூலாசிரியரே சொல்லிவிடுகிறார். டான்யூப் நதிப் பக்கத்துக் கெண்டை, மடாலயக் குளங்கள் வழியாக அப்போதுதான் மேற்கே நகர்ந்துகொண்டிருந்தது. 1653ல் முதலில் வெளிவந்த ஐசக் வால்ட்டனின் புகழ்பெற்ற தூண்டில் நூலில் கெண்டை ஆற்றின் அரசியாகப் பதவி உயர்ந்துவிட்டது. தேன் கலந்த மாவுப் பசையை அவர் சிபாரிசு செய்தார். முன்கூட்டியே இரை தூவி மீனைப் பழக்கச் சொன்னார்.

அடுத்து வந்தது வாசனைக் காலம். கீழைநாட்டுச் சரக்குகள் லண்டன் துறைமுகத்தில் மூட்டை மூட்டையாக இறங்கத் தொடங்கியதும் தூண்டில்காரர்கள் மருந்துக் கடையை நோக்கி நடந்தார்கள். பிரெஞ்சு மன்னரின் மருந்தாளர் ஷராஸ் சொன்னதாக ஒரு களிம்பு பிரபலமானது. 1681ல் வெளிவந்த ஜேம்ஸ் செத்தமின் தூண்டில் கையேடு அதை அப்படியே எடுத்துப் போட்டது. அதில் பூனைக் கொழுப்பு முதல் எகிப்திய மம்மியின் தூள் வரை இருந்தது. அந்த விநோதங்களுக்கு நடுவே சீரகம், கற்பூரம், புனுகு என்று நம் நாட்டு மருந்துக் கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துத் தரக்கூடிய மூன்று பொருள்களும் இருந்தன. பார்த்து எழுதியவர்கள், பார்த்து எழுதியவர்களைப் பார்த்து எழுதியவர்கள் என்று இந்தச் செய்முறை தலைமுறைகள் கடந்து நகலானது. மம்மித் தூள் வழியில் உதிர்ந்துவிட்டது. மசாலா வாசனையின் மேல் இருந்த நம்பிக்கை மட்டும் நிலைத்தது.

அந்த நம்பிக்கையோடு கப்பலேறியவர்கள் சென்னை மாகாணத்துக்கு வந்தபோது இன்னொரு திருப்பம் நேர்ந்தது. மதராஸ் சிவில் சர்வீஸ் அதிகாரி ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873ல் இந்தியத் தூண்டில் பற்றி ஒரு நூல் எழுதினார். 1887ல் ஏரி, குளங்களில் தூண்டில் போடுவதற்கென்றே இன்னொன்றை வெளியிட்டார். ஆற்று மீனைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த ஆங்கிலேயர்களுக்கு, ஏரிகள் நிறைந்த இந்த நாட்டில் ஏரித் தூண்டிலுக்கும் தனி நூல் தேவை என்று தோன்றியது இயல்புதான்.

அதே காலத்தில் உருண்டையின் உள்ளடக்கமே மாறிக்கொண்டிருந்தது. சோமேசுவரர் காலத்தில் எள் இருந்த இடத்தில் நிலக்கடலை வந்து உட்கார்ந்தது. தென் அமெரிக்காவிலிருந்து கடல் சுற்றி வந்த மல்லாட்டை, 19ஆம் நூற்றாண்டில் தென்னார்க்காட்டு மானாவாரி நிலங்களில் பரவியது. மார்செய் நகரத்துச் சோப்பு ஆலைகளுக்கு எண்ணெய் தேவைப்பட, புதுச்சேரியிலிருந்து கப்பல் கப்பலாகக் கடலை போனது. உள்ளூர்ச் செக்குகளில் ஆட்டியபின் மிஞ்சிய பிண்ணாக்கு மாட்டுக்குப் போனது. மாட்டுத் தொட்டியிலிருந்து ஒரு பிடி எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போவதற்கு யாருடைய சிபாரிசும் தேவைப்படவில்லை. மலிவாகக் கிடைத்ததால் கடலைப் பிண்ணாக்கே கெண்டையின் உணவாக நிலைபெற்றது.

இரை தயார். மீன்கள் வந்து சேர வேண்டாமா? இன்று நாம் ஏரி மீன் என்று வாங்கும் பலவும் இங்கே குடியேறியவை. கட்லாவைத் தமிழக நீர்நிலைகளில் விடும் முயற்சி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கப் பத்தாண்டுகளில், சென்னை மாகாணத்தின் மீன்வளத் துறை உருவான சமயத்தில் தொடங்கியது. ஐரோப்பியச் சாதாக் கெண்டை 1939ல் இலங்கையிலிருந்து ஊட்டிக்கு ஏறியது. ஜிலேபி மீன் 1952ல் இந்தியாவுக்குள் நுழைந்தது. ஆனால் கட்லா, ரோகு போன்ற பெரிய கெண்டைகளுக்கு ஒரு சிக்கல் இருந்தது. ஆற்று வெள்ளத்தில் முட்டையிடும் இந்த மீன்கள் தேங்கிய நீரில் இனம் பெருக்குவதில்லை. மழைக்காலத்தில் வங்கத்து ஆறுகளில் குஞ்சு அள்ளிப் பானையில் ஊற்றி ரயிலேற்றித்தான் ஊர் ஊராகக் கொண்டுபோக வேண்டியிருந்தது. 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குலில் ஹீராலால் சௌதுரி, கெண்டைக்குப் பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசியாகப் போட்டு முட்டையிட வைத்தார். அதன்பிறகு மீன் குஞ்சு பண்ணையிலேயே உற்பத்தியாகும் பொருளானது. அந்த நாளைத்தான் நாடு இன்று மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடுகிறது.

இதில் தூண்டில்காரருக்கு ஒரு லாபம் ஒளிந்திருக்கிறது. பண்ணைகளில் குஞ்சுகளுக்குப் போடும் வழக்கமான தீனி, பொடித்த கடலைப் பிண்ணாக்கும் தவிடும்தான். பண்ணையில் விரலளவுக்கு வளர்ந்து ஏரிக்குப் போகும் கட்லாவுக்கும் ரோகுவுக்கும் நம் உருண்டையின் வாசனை பிறந்த நாள் முதல் பழகியது.

இங்கிலாந்திலோ பழக்கப்பட்ட இரையே எதிரியாகிவிட்டது. 1952ல் ரிச்சர்ட் வாக்கர், ரெட்மயர் குளத்தில் ரொட்டி இரையால் சுமார் 20 கிலோ கெண்டையைப் பிடித்தார். லண்டன் மிருகக்காட்சிச் சாலையில் அது 1971 வரை வாழ்ந்தது. வாக்கரைப் பார்த்துப் பலரும் ரொட்டி போட, மீன்கள் சுதாரித்துக்கொண்டன. 1970களில் ராட் ஹட்சின்சன் ஊறவைத்த பயறு, கடலை வகைகளைக் கையிலெடுத்தார். சோமேசுவரரின் தானியப் பட்டியல் 800 ஆண்டுகள் கழித்து, அவரைப் பற்றிக் கேள்விப்படாத ஒருவர் கையில் மறுபிறவி எடுத்தது. ஃபிரெட் வில்ட்டன் பால் புரதமும் முட்டையும் சேர்த்துப் பிசைந்த உருண்டையைப் பயன்படுத்தினார். அதை வெந்நீரில் போட்டு எடுத்தால் மேலே கெட்டித் தோல் பிடிக்கும். சில்லறை மீன்கள் கொத்திக் கரைக்க முடியாது. ‘பாய்லி’ என்ற அந்த உருண்டையைப் பார்த்துப் பார்த்து ஆளாளுக்குச் செய்ய, அதுவே ஒரு பெரிய வியாபாரமாக வளர்ந்தது. 1980ல் கிறிஸ் யேட்ஸ் அதே ரெட்மயரில் 23 கிலோ மீனைப் பிடித்தபோது முள்ளில் இருந்தது வெறும் மக்காச்சோளம். அதுவும் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு.

அந்த ஆண்டுகளில்தான் கெண்டைக் குடும்பத்தின் பெரிய மீனான மஹ்சீரைத் தேடி ஆங்கிலேயத் தூண்டில்காரர்கள் காவிரிக்கு வந்தார்கள். கர்நாடகத்துக் காவிரிக் கரையில் வழிகாட்டிகள் அவர்கள் கையில் கொடுத்தது, வேகவைத்துக் கெட்டியாக்கிய கேழ்வரகு உருண்டை. வில்ட்டனின் யோசனையும் காவிரிக் கரைக் களியும் ஒன்றையொன்று அறியாமல் ஒரே முடிவுக்கு வந்திருந்தன.

இவ்வளவு தூரம் சுற்றிய இந்த அறிவு செம்பரம்பாக்கம் ஏரியில் எப்படிப் பயன்படும்? முதலில் மீனின் வாயைப் பார்க்க வேண்டும். கட்லாவின் வாய் மேல்நோக்கித் திறக்கும். அது நீரின் மேல்மட்டத்தில் மிதக்கும் நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்பது. அதற்குக் கெட்டி உருண்டை வேண்டாம். தண்ணீரில் மெல்லக் கரைந்து புகைபோலப் பரவும் தவிடும் பொட்டுக்கடலை மாவும் பொருந்தும். கம்பிச் சுருளைச் சுற்றி இரையைப் பொத்திவைக்கும் ஸ்பிரிங் தூண்டில் இங்கே நன்றாக வேலை செய்யும். ரோகு நடுமட்டத்து மீன். மிர்காலும் சாதாக் கெண்டையும் அடிமண்ணைக் கிளறுபவை. அவற்றுக்கு அடியில் போய் உட்காரும் கனமான பிண்ணாக்கு உருண்டை தேவை. ஜிலேபிகள் கூட்டமாக வந்து இரையைப் பிடுங்கினால் மாவை ஒரு கொதி வேகவைக்கலாம். ஊறிய கொண்டைக்கடலையைக் கோக்கலாம்.

இன்னொரு பாடசாலை பக்கத்திலேயே இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் ஆலைகளுக்கு வங்கம், பீகார், ஒடிசா, அசாமிலிருந்து வேலைக்கு வந்திருப்பவர்களின் சொந்த ஆறுகள்தான் ரோகுவின் சொந்த ஆறுகள். அவர்களுக்கு முன்பே மீன் இங்கே வந்துவிட்டது. வங்கத்துத் தூண்டில்காரர்கள் வறுத்த வெந்தயம், செவ்வெறும்பு முட்டை, பாலைத் திரியவைத்து எடுத்த சேனா ஆகியவற்றை நுணுக்கமாகக் கையாள்பவர்கள். வில்ட்டன் தேடிப்போன பால் புரதம் அவர்கள் வீட்டுச் சமையலறையில் எப்போதும் இருந்தது. பக்கத்து அறையில் தங்கியிருக்கும் அண்ணனிடம் கேட்டால் ஒரு தேசத்தின் ருசி அனுபவம் கிடைக்கும்.

எல்லா ஊர்களும் எல்லா நூற்றாண்டுகளும் ஒத்துக்கொள்ளும் விதி ஒன்றுண்டு. இரைப்பை இல்லாத மீனுக்கு ஒரே நேரத்தில் கொட்டிக் குவித்தால் அது திகட்டி விலகிவிடும். கைப்பிடி தூவி, காத்திருந்து, தக்கை அசைந்த பிறகு மறு கைப்பிடி தூவுவதே முறை. செம்பரம்பாக்கத்தில் இந்த விதிக்கு இன்னொரு காரணமும் சேர்கிறது. நிறைந்தால் 24 அடி ஆழத்தில் 3,645 மில்லியன் கன அடி நீர் கொள்ளும் இந்த ஏரி சென்னையின் குடிநீர். மீன் தின்னாமல் விட்ட பிண்ணாக்கு அடியில் அழுகி, நீரின் பிராணவாயுவைக் குடித்து, பாசியை வளர்க்கும். ஆகவே ஏரியில் இறங்குமுன் மீன்பிடி உரிமை யாரிடம் இருக்கிறது என்று விசாரித்து அனுமதி வாங்குங்கள். மீன் தின்னும் அளவுக்கே இரை போடுங்கள். மிஞ்சிய உருண்டையைத் தண்ணீரில் எறியாமல் வீட்டுக்கு எடுத்துப் போங்கள். சோமேசுவரர் எள்ளையும் தென்னார்க்காட்டு உழவர் கடலையையும் காவிரிக் கரை கேழ்வரகையும் சேர்த்த இந்த உருண்டையில், ஒரு மாநகரத்தின் தாகத்தைச் சுமக்கும் ஏரிக்கரை சேர்க்க வேண்டியது இந்த அளவறிவுதான்.