புலம்பெயர்ந்தோர் பெயர்த்த வேதம்

பெங்களூர் சிவாஜி நகர் மரியன்னை பேராலயத் தமிழ்ப் பூசையிலே கேட்கிற 'ஆமென்', 'அல்லேலூயா' இரண்டும் எபிரேயச் சொற்கள் என்பது பலருக்கும் தெரியும். ஆனால் யூதச் சிந்தனை கிறிஸ்தவ இறையியலுக்குள் வந்த பாதையில் புலம்பெயர்ந்த சமூகம் ஒன்று இருக்கிறது. அதைத்தான் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

எகிப்தின் அலெக்சாந்திரியாவில் குடியேறிய யூதர்களுக்குக் கிரேக்கமே பேச்சுமொழி ஆயிற்று. நம்ம வீட்டுப் பிள்ளைகள் கன்னடமும் ஆங்கிலமும் பேசுகிற மாதிரிதான். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் தங்கள் வேதத்தை அவர்கள் கிரேக்கத்தில் பெயர்க்கத் தொடங்கினார்கள். அதுவே 'எழுபதின்மர் பெயர்ப்பு'.

யூதர்கள் இறைவனின் திருப்பெயரை உச்சரிக்காமல் 'ஆண்டவர்' என்றே வாசிப்பார்கள். கிரேக்கத்தில் அது 'கூரியோஸ்'. எண்ணெய் வார்த்து அபிஷேகம் செய்யப்பட்டவர் என்று பொருள்படும் 'மெசியா', 'கிறிஸ்தோஸ்' ஆனது. யூதரான பவுல் இவ்விரண்டையும் தம் கிரேக்கக் கடிதங்களில் இயேசுவுக்குச் சூட்டினார்.

கடவுள் ஒருவரே என்பது யூத நம்பிக்கை. அப்படியானால் இயேசுவையும் ஆண்டவர் என்பது எப்படி? கி.பி. 325இல் கூடிய நிக்கேயா சங்கம் வரை இந்தக் கேள்வி விடவில்லை.

2ஆம் நூற்றாண்டில் மார்சியன் என்பவர் யூத வேதமே வேண்டாம் என்றார். ரோமைத் திருச்சபை அவரை விலக்கி வைத்தது. யூத வேதத்தைத் தள்ளிவிட்டால் 'கிறிஸ்து' என்ற சொல்லுக்கே பொருள் ஏது?

அலெக்சாந்திரியா யூதர்கள் மொழி மாறியும் வேதத்தைக் கைவிடவில்லை. பெயர்த்துப் பிள்ளைகள் கையில் கொடுத்தார்கள். வெளிமாநிலத்தில் வாழும் நாம் எதைக் கொடுக்கப் போகிறோம்?