தளப் பயணிகள் (சென்னை – சிங்கப்பூர்க் கப்பல்கள்)

தளப் பயணிகள் அல்லது டெக் பயணிகள் எனப்படுவோர், சென்னை, நாகப்பட்டினம் ஆகிய துறைமுகங்களிலிருந்து பினாங்கு, போர்ட் சுவெட்டன்காம் (இன்றைய கிள்ளான் துறைமுகம்), சிங்கப்பூர் ஆகிய இடங்களுக்குச் சென்ற கப்பல்களில் மிகக் குறைந்த கட்டணச் சீட்டில் பயணம் செய்தோர் ஆவர். இச்சீட்டுக்கு அறையோ கட்டிலோ கிடையாது. கப்பலின் தளத்தில் பாய் விரிக்கும் அளவுக்கு ஓரிடம் மட்டுமே உண்டு. 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 1980கள் வரை மலாயா, சிங்கப்பூர் சென்ற தமிழரில் மிகப் பெரும்பாலோர் இவ்வாறே சென்றனர். சீட்டின் வகுப்பு கடற்பயணத்தின் வசதியை மட்டும் முடிவு செய்யவில்லை. அந்நிய நகரத்தில் ஒருவரது முதல் நாள்கள் எங்கே, யாருடைய பொறுப்பில் கழியும் என்பதையும் அதுவே முடிவு செய்தது.

கப்பல்கள்

இவ்வழித்தடத்தை நெடுங்காலம் நடத்தியது பிரித்தானிய இந்திய நீராவிக் கப்பல் நிறுவனம். சென்னையில் பின்னி நிறுவனம் இதன் முகவராக இருந்தது. இவ்வழியில் சென்ற கப்பல்களில் தமிழரிடையே மிகவும் பெயர் பெற்றது ரஜூலா ஆகும். 1926 ஆம் ஆண்டில் கிளாசுகோவில் கட்டப்பட்ட இக்கப்பல், தொடக்க காலத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்ற உரிமம் பெற்றிருந்தது. ஒரு சிற்றூரின் மக்கள்தொகை அது. 1973 இல் இந்தியக் கப்பல் கழகத்துக்கு விற்கப்பட்டு, ரங்கத் எனப் பெயர் மாற்றப்பட்டு, அடுத்த ஆண்டே உடைக்கப்பட்டது. அதன் பின் எம். வி. சிதம்பரம் இவ்வழியில் ஓடியது. 1984 பெப்ரவரியில் நடுக்கடலில் நேர்ந்த தீ விபத்தில் அக்கப்பலில் இருந்த பலர் உயிரிழந்தனர். அத்தோடு இச்சேவையும் முடிவுற்றது.

சென்னையில் ஏறுவோர், இராயபுரத்துக்குத் தெற்கே, மண்ணடியை அடுத்துள்ள துறைமுகத்தில் ஏறினர். நாகப்பட்டினத்தில் கப்பல் கரையை அணைய முடியாததால் பயணிகள் படகுகளில் சென்று ஏற வேண்டியிருந்தது. பயணம் ஒரு வாரத்துக்குச் சற்றுக் கூடவோ குறையவோ நீடித்தது.

இறங்கிய பின்: தீவும் தடுப்பூசியும்

அறைப் பயணிகள் மருத்துவச் சோதனைக்குப் பின் பொதுவாக நேரே நகருக்குள் செல்ல முடிந்தது. தளப் பயணிகளின் நிலை வேறு. காலரா, பெரியம்மை அச்சத்தால் அவர்கள் முதலில் நோய்த்தடுப்பு முகாமுக்கு (குவாரண்டைன்) அனுப்பப்பட்டனர். பினாங்கில் இம்முகாம் செரிசாக் தீவில் இருந்தது. சிங்கப்பூரில் 1874 இல் தொடங்கப்பட்ட முகாம் செயின்ட் ஜான்சு தீவில் இருந்தது. அங்கு அம்மை குத்தப்பட்டது. துணிமணிகள் கிருமி நீக்கம் செய்யப்பட்டன. தங்க வேண்டிய காலம் சில நாள்கள். கப்பலில் நோய் கண்டிருந்தால் அது மேலும் நீளும். ஆக, கையில் பணமில்லாதவர் கண்ட முதல் அயல்நாடு ஒரு நகரமன்று. நகரத்தை நீருக்கு அப்பால் பார்த்தபடி காத்திருக்கும் ஒரு தீவு.

கங்காணி முறையில் வந்த தோட்டத் தொழிலாளர் இருமுறை காத்திருந்தனர். புறப்படும் முன் ஆவடியிலோ நாகப்பட்டினத்திலோ இருந்த குடியேற்ற முகாமில் ஒருமுறை. இறங்கிய பின் தீவில் மறுமுறை. அதன் பின் அவர்களுள் பெரும்பாலோர் நேரே தோட்டங்களுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். பினாங்கில் இறங்கியும் பினாங்கைக் காணாதவர் பலர் எனலாம். இத்தகைய உதவி பெற்ற குடியேற்றத்தை இந்திய அரசு 1938 இல் தடை செய்தது. சொந்தச் செலவில் செல்வோர் தொடர்ந்து சென்றனர். 1953 இல் மலாயாவின் புதிய குடிநுழைவுச் சட்டம் நடைமுறைக்கு வந்த பின் அதுவும் கடினமாயிற்று.

நகரத்தில் முதல் இரவுகள்

தன் செலவில் வந்தவருக்கு நகரத்தில் விடுதி எடுக்கும் வசதி இருந்ததில்லை. ஊர், சாதி, சமயம் ஆகிய உறவுகளே விடுதியாயின. சிங்கப்பூரில் 1827 இல் நிறுவப்பட்ட மாரியம்மன் கோயில், புதிதாக வந்தோர் வேலையும் இருப்பிடமும் கிடைக்கும் வரை தங்கும் புகலிடமாக இருந்தது. கடையநல்லூர், தென்காசிப் பகுதி முசுலிம்கள் தஞ்சோங் பகாரில் தம் ஊராரைத் தேடிச் சென்றனர். முகவரி எழுதிய ஒரு துண்டுத் தாளே பலருக்கு முதல் நாளின் முழு மூலதனம்.

செட்டிநாட்டிலிருந்து வட்டிக்கடைப் பணிக்கு வந்த இளைஞர்கள் மார்க்கெட் தெருவில் இருந்த கிட்டங்கிகளில் தங்கினர். கிடங்கு என்னும் சொல்லோடு தொடர்புடைய இப்பெயர், நீண்ட கூடங்களைக் கொண்ட கட்டடங்களைக் குறித்தது. ஒரே கூடத்தில் பல கடைகள். கடைக்கு ஒரு சாய்மேசை, ஒரு பெட்டி, ஓர் அலமாரி. பகலில் அலுவலகமாக இருந்த இடமே இரவில் பாய் விரிக்கும் இடம். புதிதாக வந்த பையன் "பெட்டியடிப் பையன்" எனப்பட்டான். அதற்கு மேல் அடுத்தாள், அதற்கும் மேல் மேலாள். ஊர்ச் சமையல், ஊர்ப் பேச்சு, ஊர்க் கணக்கு முறை எல்லாம் உள்ளேயே கிடைத்ததால், நகரத்துக்குப் பழகாமலேயே நகரத்தில் வாழ அங்கு வழியிருந்தது. இது பாதுகாப்பு, ஒரு வகையில் அடைப்பும்கூட. இக்கட்டடங்கள் பின்னர் நகரச் சீரமைப்பில் இடிக்கப்பட்டுவிட்டன.

அத்தகைய வலைப்பின்னல் இல்லாதவர் உழைப்பைக் கொடுத்து இடம் பெற்றனர். 1905 இல் இளைஞராகச் சிங்கப்பூர் வந்த பி. கோவிந்தசாமிப் பிள்ளை, தொடக்கத்தில் ஒரு மளிகைக் கடையில் உணவுக்கும் தங்குமிடத்துக்குமே உழைத்தார். பிற்காலத்தில் சிராங்கூன் சாலையின் பெருவணிகராகவும் கொடையாளராகவும் அறியப்பட்டவர் இவர். எனினும் இவ்வாறு உயர்ந்தோரின் பெயர்களே பதிவாகியுள்ளன என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். உணவுக்கு மட்டும் உழைத்தோரின் எண்ணிக்கை மிகப் பெரிது.

முதுகுப்பைப் பயணிகள்

1960களிலும் 1970களிலும் இதே தளங்களில் வேறொரு கூட்டம் சேர்ந்தது. ஐரோப்பாவிலிருந்து தரைவழியாக இந்தியா வந்து, ஆத்திரேலியா நோக்கிச் சென்ற இளைஞர்கள் இவர்கள். பர்மா வழியாகத் தரையில் செல்ல இயலாததால், சென்னையிலிருந்து பினாங்குக்குச் செல்லும் கப்பல் அவர்களுக்கு மலிவான வழியாக அமைந்தது. தமிழருக்குக் கட்டாயமாக இருந்த தளச்சீட்டு இவர்களுக்கு ஒரு தெரிவாக இருந்தது. ஆயினும் குறைந்த சீட்டுக்காரரின் உடலைத் துறைமுகம் உற்று நோக்குவது முற்றிலும் மாறிவிடவில்லை. 1970களில் சிங்கப்பூர், நீண்ட தலைமுடி வைத்திருந்த ஆண் பயணிகளை நுழைய விடாமல் திருப்பி அனுப்பியதுண்டு.

பினாங்கில் இவர்கள் தங்கிய சூலியா தெரு, தமிழ் முசுலிம்களைக் குறிக்கும் "சூலியா" என்னும் பெயரைத் தாங்கியது. நாகூர் ஆண்டகையின் நினைவாக 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த நாகூர் தர்காவும் அங்குள்ளது. சோழமண்டலக் கரையிலிருந்து வந்தோர் முதல் நாள்களைக் கழித்த அதே பகுதி, இன்று உலகெங்கிலுமிருந்து வரும் முதுகுப்பைப் பயணிகளின் மலிவு விடுதிகளுக்குப் பெயர் பெற்றுள்ளது. ஜார்ஜ் டவுன் நகரம் 2008 இல் யுனெசுகோவின் உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டது.

இன்றைய நிலை

செரிசாக் தீவு 1969 முதல் 1993 வரை சிறைச்சாலையாக இருந்தது. செயின்ட் ஜான்சு தீவு 1970களில் விடுமுறைத் தலமாக்கப்பட்டது. சென்னைத் துறைமுகத்திலிருந்து செல்லும் அந்தமான் கப்பல்களில், பலர் ஒரே கூடத்தில் படுத்துச் செல்லும் "பங்க்" வகுப்பு இன்றும் உள்ளது.