சீவுளியின் கூர்

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் வீதியில் தர்மபுரம் இருக்கிறது. அதனைச் சூழ்ந்த வன்னிப் பெருநிலத்தின் காடுகளுக்குரிய மரங்கள் முதிரையும் பாலையும். பாலை நீரிலிட்டால் அமிழும். முதிரை ஒரு கன மீற்றர் ஏறத்தாழ 900 முதல் 1,000 கிலோகிராம் எடையுள்ளது. இத்தகைய மரத்தைக் கண்ணாடிபோல் வழுவழுப்பாக்கும் தச்சனின் கையிலுள்ள கருவி, ஒரு மரக்கட்டையும் இரண்டு விரல் அகல உருக்கு அலகுமே. அந்த அலகின் கூர் பற்றிப் பேசுவது அற்ப விஷயமென்று நண்பர்கள் கருதலாம். அதற்குள் ஒரு வரலாறு அடங்கியிருக்கிறது.

முதலில் தொழிலைப் பார்ப்போம். முதிரையின் நார்கள் ஒரே திசையில் ஓடுவதில்லை. ஓர் அடுக்கு ஒருபுறம் சாய்ந்தால் அடுத்த அடுக்கு மறுபுறம் சாயும். ஆகவே சீவுளி செல்லும்போது ஒரு பட்டை பளபளக்கும். பக்கத்துப் பட்டை பிய்ந்து எழும். இதைத் தவிர்க்கும் வழி பலமாக அழுத்துவதன்று, கூரைப் பேணுவதே. அலகின் சரிவை 25 பாகையில் தீட்டி, நுனியை மாத்திரம் 30 பாகையளவில் மீண்டும் தீட்டுவர். கூர் என்பது இரு முகங்கள் சந்திக்கும் கோடு; எனவே அலகின் முதுகும் மட்டமாயிருத்தல் வேண்டும். தீட்டும்போது நீர் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். உருக்கு சூடேறி நீலம் பாய்ந்துவிட்டால் அதன் உரம் போய்விடும். இறுதியில் நுனியில் எழும் பிசிரைத் தோலில் இழுத்து நீக்குவர். வைரமேறிய மரத்தில் இந்தக் கூர் நெடுநேரம் நில்லாது. மழுங்கிய பின் தீட்டுபவன் மரத்தையும் கெடுக்கிறான், தன் தோளையும் கெடுக்கிறான். மழுங்குமுன் தீட்டுபவனே தொழில் தெரிந்தவன்.

எதில் தீட்டினார்கள்? குருந்தக் கல்லின் பொடியை அரக்குடன் சேர்த்துச் சாணை செய்வது நம் நாடுகளின் பழைய முறை. வைரத்துக்கு அடுத்த கடினமுள்ளது குருந்தம். ஆங்கிலத்தில் அக்கனியத்துக்கு வழங்கும் ‘கொரண்டம்’ என்ற பெயர் தமிழ்க் ‘குருந்தம்’ என்பதிலிருந்தே சென்றது. 1890களில் அமெரிக்காவில் அச்சிசன் என்பவர் மின்னுலையில் செயற்கைத் தீட்டுகல்லை உருவாக்கியபோது, அதற்குக் ‘கார்பொரண்டம்’ என்று பெயரிட்டார். இன்று கடையில் வாங்கும் கல்லிலும் நம் சொல்லின் பாதி ஒட்டிக்கொண்டிருக்கிறது! இலங்கையின் புகழ்பெற்ற நீலக்கல்லும் குருந்தமே. ஒரே கனியம் தெளிவாகவும் நிறத்தோடும் கிடைத்தால் செல்வரின் மோதிரத்தில் ஏறுகிறது. மங்கலாகக் கிடைத்தால் தொழிலாளியின் அலகைத் தீட்டுகிறது. முன்னதற்கு வரலாறு உண்டு. பின்னதற்கு?

இந்த மறதி தற்செயலானதன்று. 1833இல் பேராதனையில் மகாவலிக்குக் குறுக்கே முதிரை மரத்தாலேயே ஒரு பாலம் எழுந்தது. ஒரே வளைவில் 205 அடி தாண்டிய அது, 1905 வரை நிலைத்தது. அதைக் கட்டிய பிரித்தானிய அதிகாரியின் பெயர் நூல்களில் இருக்கிறது. அந்த மரங்களைச் செதுக்கிப் பொருத்திய கைகளின் பெயர் ஒன்றுகூட இல்லை. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், உரிமை நிறுவப்படாத காடுகளையும் தரிசு நிலங்களையும் முடிக்குரியவை எனக் கொண்டது. அதன்பின் காட்டோரத்தில் வாழ்ந்தவன் தன் கூரைக்கு மரம் வெட்டினாலும் அனுமதி கேட்க வேண்டியவனானான். முதிரையும் கருங்காலியுமோ கப்பலேறின.

தர்மபுரத்தின் கதை இதனோடு சேர்ந்தது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தொழிலாளரை நாடற்றவராக்கியது. 1977இன் வன்செயல்களுக்குப் பின் அவர்களிற் பலர் வன்னியில் அடைக்கலம் தேடினர்; தர்மபுரத்திலும் குடியமர்ந்தனர். 1990களின் பொருளாதாரத் தடையில் எரிபொருளும் சீமெந்தும் இரும்பும் அரிதாயின. மின்சாரமில்லாத அந்த ஆண்டுகளில் கதவும் கட்டிலும் கைக்கருவியாலேயே பிறந்தன. 2009 ஜனவரியில் போர்முனை நெருங்கவே மக்கள் கிழக்கு நோக்கி மறுபடியும் பெயர்ந்தனர். மீள்குடியேறியபோது கதவும் நிலையும் புதிதாகத் தேவைப்பட்டன. சீவுளியின் கட்டையை எந்த ஊரிலும் செய்துகொள்ளலாம்; நல்ல உருக்கு அலகையும், அதைத் தீட்டத் தெரிந்த கையையும் அவ்வளவு எளிதில் ஆக்கிவிட முடியாது.

இன்று மின்சீவுளி வந்துவிட்டது. அது வரட்டும், உழைப்பின் சுமையைக் குறைக்கும் எந்தப் பொறிக்கும் நாம் பகைவரல்லர். நம் வருத்தம் வேறு. கையறிவு எழுத்தில் ஏறாமலே மறைகிறது. ஆளுநர்களின் ஆட்சிக்காலத்தை மாணவர் ஒப்புவிக்கிறார்கள். தம் வகுப்பறையின் மேசையை இழைத்தவர் யாரென அறியார். ஆசிரிய நண்பர்களே, ஒருநாள் மாணவரை ஊர்ப் பட்டறைக்கு அழைத்துச் செல்லுங்கள். முதிய தச்சர் அலகைத் தீட்டும் விதத்தையும், அதற்கு அவர் வழங்கும் சொற்களையும் ஏட்டில் குறித்துவரச் செய்யுங்கள். நமது வரலாற்றின் விடுபட்ட பக்கங்களை எழுத அதுவே நல்ல தொடக்கம்.