நாற்காலியை விட்டு இறங்கியவர்

விளையாடிப் புகழ் பெற்றவர் பிறகு நிர்வாக நாற்காலியில் அமர்வது புதுமையல்ல. அமர்ந்த பின், அவசியம் நேர்ந்தபோது எழுந்து களத்தில் இறங்கியவர்தான் அபூர்வம். கனடாவில் பிறந்த லெஸ்டர் பாட்ரிக் அப்படிப்பட்டவர்.

பனித் தரையில் சறுக்கிக்கொண்டே ஆடும் ஐஸ் ஹாக்கியில் அவர் தடுப்பாட்டக்காரர். 1906-இல் மான்ட்ரீல் வாண்டரர்ஸ் குழுவில் ஆடி ஸ்டான்லி கோப்பையை வென்றார். 1911-இல், தகப்பனார் மர வியாபாரத்தில் ஈட்டிய பொருளைப் போட்டு, தம்பியும் அவருமாக மேற்குக் கரையில் செயற்கைப் பனி அரங்குகள் கட்டினர். 1926-இல் நியூயார்க் ரேஞ்சர்ஸ் குழுவின் நிர்வாகம் அவரிடம் வந்தது.

1928 ஏப்ரல் 7. மான்ட்ரீலில், கோப்பைக்கான இரண்டாவது ஆட்டம். ரப்பர் வட்டு கண்ணில் பாய்ந்து ரேஞ்சர்ஸின் கோல் காவலர் சாய்ந்தார். மாற்றுக் காவலர் இல்லை. பார்வையாளராக வந்திருந்த வேறு குழுக் காவலரைச் சேர்த்துக்கொள்ள எதிர்க் குழுவினர் இசையவில்லை. முகமூடி அணியாத காலம் அது. நரைத்த தலையோடு, 44 வயதில், பாட்ரிக் கவசத்தை மாட்டிக்கொண்டு கோல் முன் நின்றார். ஒன்றே ஒன்றுதான் அவரைத் தாண்டிற்று. கூடுதல் நேரத்தில் ரேஞ்சர்ஸ் 2-1 என வென்றது. ஒரே வாரத்தில் கோப்பையும் அதன் வசமாயிற்று.

1946 வரை அவர் நிர்வாகியாக நீடித்தார். ஆணையிடும் அதிகாரத்தைப் பதவி தந்துவிடும். மனமுவந்து கீழ்ப்படியும் நெஞ்சங்களைத் தந்தது பதவியா, அந்த ஓர் இரவா?