கடல் கடந்த கல்வியும் கொங்கு நாடும்

கல்வியின் பொருட்டு ஊர் நீங்கிச் செல்லுதல் தமிழர்க்குப் புதியதன்று. தொல்காப்பியனார் தலைமகனுடைய பிரிவுகளை எண்ணுமிடத்து ஓதற்பிரிவை முதற்கண் வைத்தார். அப்பிரிவு மூன்றாண்டைக் கடவாதென எல்லையும் வகுத்தார். மகளிரோடு கடல்வழிச் செல்லும் வழக்கமில்லை என்பதும் அந்நூலிற் கண்ட செய்தியே.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் சீமைக்குச் சென்று கற்க விரும்பினார்க்குத் தடைகள் இரண்டு இருந்தன. கடல் தாண்டினால் ஆசாரம் கெடும் என்னும் அச்சம் ஒன்று. கையிற் பொருளின்மை மற்றொன்று. இவற்றுள் வலியது யாது என்பதைக் கொங்கு மண்ணிற் பிறந்தார் இருவர் வரலாறு கொண்டு நாம் ஆராய்வோம்.

முதல்வர் கணித மேதை சீநிவாச இராமாநுஜன். நம் குலத்தவரல்லரெனினும், 1887 டிசம்பர் 22 இல் ஈரோட்டில் தாய்ப்பாட்டனார் இல்லத்திற் பிறந்தவர். தந்தையார் துணிக்கடைக் கணக்கர். இராமாநுஜனோ சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தராய் இருந்தார். அவர் கடல் தாண்டுவதற்கு அன்னையார் இசையாதிருந்தனர் என்றும், நாமக்கல் நாமகிரித் தாயார் கனவிற் றோன்றி விடை தந்தபின் இசைந்தனர் என்றும் கூறுப. ஆசாரத் தடை இவ்வாறு நீங்கிற்று. ஆயினும் சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் உபகாரச் சம்பளமும், வழிச்செலவுக்குப் பொருளும் அளித்திராவிடின், 1914 மார்ச்சு 17 இல் அவர் கப்பலேறியிருத்தல் இயலாது. 1918 இல் இராயல் சொஸைட்டி அவரைத் தன் உறுப்பினராக ஏற்றது. எனினும் போர்க்காலத்து உணவுக் குறையும் தனிமையும் நோயும் அவரை வாட்டின. 1919 இல் தாயகம் மீண்டு, 1920 இல் தம் 32 ஆம் அகவையிலேயே மறைந்தார்.

மற்றையவர் திருச்செங்கோட்டையடுத்த குமாரமங்கலம் ஜமீன்தார் டாக்டர் ப. சுப்பராயன். 1889 இற் பிறந்த இவர் ஆக்ஸ்போர்டு வாடம் கல்லூரியிற் பயின்றவர். ஜமீன் குடும்பத்தவராதலின் பொருட்டடை இவர்க்கு இல்லை. 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதன்மந்திரியாய் விளங்கினார். 1937 இல் அமைந்த இராஜாஜி மந்திரிசபையிற் கல்விப் பொறுப்பையும் தாங்கினார். இவர் மைந்தர் மோகன் குமாரமங்கலம் கேம்பிரிட்ஜ் மாணவர் சங்கத் தலைவராய் 1938 இல் விளங்கினார். மகளார் பார்வதியும் ஆக்ஸ்போர்டிற் கற்று மீண்டு, 1957 இற் கோவைத் தொகுதியினின்று மக்களவை புகுந்தார். மகளிர்க்குக் கடற்செலவு இல்லையென்ற பழைய வழக்கு நம் நாட்டு நங்கை ஒருவராலேயே இங்ஙனம் மாறியது காண்க.

இவ்விரு வரலாறும் உணர்த்துவது ஒன்றே. ஆசாரத் தடை காலத்தால் தளர்ந்தது. பொருட்டடையோ பிறர் கைகொடுத்தாலன்றி நீங்கவில்லை. ஒருவர்க்கு ஜமீன் உதவிற்று. மற்றவர்க்குப் பல்கலைக்கழகம் உதவிற்று. இவ்விரண்டும் இல்லாத குடியானவர் மக்கள் எத்துணையர் திறமிருந்தும் ஊரிலேயே நின்றனர் என்பதை வரலாறு எழுதி வைக்கவில்லை.

இன்று கடல் தாண்டுவதைக் குறை கூறுவார் இலர். ஆயின் தோட்டத்தை அடகு வைத்துப் பிள்ளையை அனுப்பும் பெற்றோர் நம்மிடை உளர். தரகர் சொல்லைக் கேட்டு, படிப்பின் தரமறியாது பெருங்கடன் படுவாரும் உளர். ஜெர்மனி நாட்டு அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றிற் பயிற்றுக் கட்டணம் இல்லை என்பதும், ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்குரிய பொருளை முன்னரே காட்டல் வேண்டும் என்பதும் பலர் அறியாதவை.

ஆதலின் நம் சங்கம் கல்வி நிதியொன்று காணுதல் வேண்டும். தகுதியும் வறுமையும் ஒருங்குடைய மாணவர்க்கு, ஆண் பெண் வேற்றுமையின்றி, அது கடனாக உதவுக. அவர் பொருளீட்டியபின் திருப்பித் தந்து அடுத்தவர்க்கு வழி செய்க. வெளிநாடு சென்று மீண்ட நம்மவர், புறப்படுவார்க்கு அறிவுரை கூறுக. அங்கு வாழ்வோர், புதிதாய் வருவார்க்கு உற்ற துணையாகுக. பொருள் மட்டும் போதாதென்பதற்கு இராமாநுஜன் வாழ்வே சான்று.

அன்பர்கள் இதனை ஆராய்ந்து ஆவன செய்வார்களாக.